வளர்ந்த நாடுகளில் குறையும் பிறப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிலும் தென் கொரியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இதைப் பற்றிய செய்திகளில் எண்கள் நிறைய இருக்கின்றன. விளக்கம் குறைவாக இருக்கிறது. பழி சுமத்துவது, அதிலும் பெண்கள் மீது சுமத்துவது, மிக எளிதாக நடந்துவிடுகிறது. கிழக்கு ஆசியாவை முதன்மையாக வைத்து, ஒப்பிடத் தேவையான இடங்களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்த்து, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

பிறப்பு விகிதமும் கருவள விகிதமும் ஒன்றா?

இல்லை. ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகையில் ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று சொல்வது பிறப்பு விகிதம். முதியோர் மிகுந்த நாட்டில், இளம் பெண்கள் ஒவ்வொருவரும் இரண்டு குழந்தைகள் பெற்றாலும் இந்த எண் தாழ்ந்தே இருக்கும். அதனால் மக்கள்தொகை ஆய்வாளர்கள் மொத்தக் கருவள விகிதத்தையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் 15 வயது முதல் 49 வயது வரை ஒவ்வொரு வயதுப் பெண்களிடமும் நிலவிய பிறப்பு அளவுகளைக் கூட்டி, ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் அதே அளவுகளின்படி குழந்தை பெற்றால் அவளுக்கு எத்தனை குழந்தைகள் இருக்கும் என்று கணக்கிடுவது அது. உண்மையில் எந்தப் பெண்ணும் ஒரே ஆண்டின் அளவுகளின்படி வாழ்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பல குழப்பங்களுக்கு இதை மறப்பதே காரணம்.

ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள 2 போதாதா? 2.1 என்று ஏன் சொல்கிறார்கள்?

இயல்பாகவே 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பிறக்கும் பெண்களிலும் சிலர் தாயாகும் வயதை எட்டாமலே இறந்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும் ஈடுகட்டவே அந்தக் கூடுதல் 0.1. குழந்தை இறப்பு மிகுந்த நாடுகளிலும், பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் வழக்கம் உள்ள இடங்களிலும் 2.1 போதாது. தென் கொரியாவில் 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. அன்று பிறக்காமல் போன பெண்கள் இன்றைய தாய்மார்களின் எண்ணிக்கையில் குறைகிறார்கள்.

இன்றைய நிலை என்ன?

தென் கொரியாவில் 1960ஆம் ஆண்டு ஏறக்குறைய 6 ஆக இருந்த கருவள விகிதம், 1983இல் ஈடுசெய் நிலையான 2.1க்குக் கீழே இறங்கி, 2018இல் 1க்கும் கீழே சென்று, 2023இல் 0.72 என்ற அளவை அடைந்தது. அவ்வாண்டு அங்கே பிறந்தவர்கள் ஏறக்குறைய 2,30,000 பேர். 1970இல் அதே நாட்டில் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். தலைநகர் சியோலில் மட்டும் 2023இன் அளவு 0.55.

ஜப்பானில் 2024ஆம் ஆண்டு 6,86,061 குழந்தைகள் பிறந்தன. கருவள விகிதம் 1.15. போருக்குப் பிந்தைய உச்சமான 1949இல் பிறப்புகள் ஏறக்குறைய 27 லட்சம். இத்தாலியில் 2024இன் அளவு 1.18, சிங்கப்பூரில் 0.97, பின்லாந்தில் ஏறக்குறைய 1.25, பிரான்சில் 1.62. பணக்கார நாடுகளில் இஸ்ரேல் மட்டும் இந்தப் போக்கிலிருந்து பெரிதும் விலகி 3க்குச் சற்றே கீழே நிற்கிறது. அங்கே சமயப் பற்று மிகுந்த குடும்பங்களில் குழந்தைகள் அதிகம் என்பது ஒரு பகுதிக் காரணம்தான். சமயப் பிடிப்பு இல்லாத யூதக் குடும்பங்களிலும் இரண்டு, மூன்று குழந்தைகள் இயல்பாக இருக்கின்றன.

இது அண்மையில் தொடங்கியதா?

இல்லை. பிரான்சில் குடும்பங்கள் சிறுக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்புகளைவிட இறப்புகளே அதிகம். ஜப்பான் 1970களின் நடுப்பகுதியிலிருந்தே ஈடுசெய் நிலைக்குக் கீழே இருக்கிறது.

ஜப்பானியப் பொதுமக்கள் இதை உணர்ந்த தருணம் குறிப்பிடத்தக்கது. சோதிட நம்பிக்கையின்படி அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்குக் கேடு விளைவிப்பார்கள் என்று அங்கே சொல்லப்பட்டு வந்தது. அத்தகைய ஆண்டான 1966இல் தம்பதியர் குழந்தை பெறுவதைத் தவிர்த்ததால் பிறப்புகள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய கால் பங்கு சரிந்து, கருவள விகிதம் 1.58 ஆனது, மறு ஆண்டே பழைய நிலைக்குத் திரும்பியது. பிறகு எந்த மூடநம்பிக்கையும் துணையில்லாமல் 1989ஆம் ஆண்டின் அளவு 1.57 என்று வந்தபோது நாடே அதிர்ந்தது. ‘1.57 அதிர்ச்சி’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அரசின் குழந்தை நலத் திட்டங்கள் பலவற்றின் தொடக்கம் அதுதான்.

இன்றைய இளைஞர்கள் குழந்தையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களா?

அப்படி முடிவு செய்தவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் என்பது தவறு. ஜப்பானில் 2021இல் நடந்த தேசியக் கருவள ஆய்வு, மணமாகி 15 முதல் 19 ஆண்டுகள் ஆன தம்பதியருக்குச் சராசரியாக 1.90 குழந்தைகள் இருப்பதைக் காட்டியது. மணமான தம்பதியர் தங்களுக்கு எத்தனை குழந்தைகள் இருந்தால் நல்லது என்று கருதினார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த சராசரி விடை 2.25. திருமணம் செய்துகொண்டவர்கள் இன்றும் ஏறக்குறைய இரண்டு குழந்தைகளோடு வாழ்கிறார்கள் என்றால், நாட்டின் சராசரி 1.15 ஆனது எப்படி?

திருமணமே செய்யாமல் இருப்போரின் எண்ணிக்கையில் விடை இருக்கிறது. ஜப்பானில் 50 வயதுவரை ஒருமுறைகூட மணம் செய்யாத ஆண்கள் 1980இல் 100க்கு 3 பேருக்கும் குறைவு. 2020இல் அது 28 பேர். பெண்களில் அது ஏறக்குறைய 18 பேர். அதே நேரத்தில், மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் ஜப்பானில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். தென் கொரியாவிலும் மிகச் சிறிய பங்கே. பிரான்சில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் திருமணப் பதிவு செய்யாதவர்கள். அதனால் அங்கே திருமணம் குறைந்தாலும் பிறப்புகள் அதே அளவுக்குக் குறைவதில்லை. கிழக்கு ஆசியாவில் திருமணம் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் குழந்தை வர முடியும் என்ற நிலை நீடிப்பதால், அந்த வாசல் குறுகும்போது எல்லாமே குறுகிவிடுகிறது. ஆகவே கிழக்கு ஆசியாவைப் பொறுத்தவரை, தம்பதியர் ஏன் குழந்தை பெறவில்லை என்று கேட்பதைவிட, இளைஞர்கள் ஏன் தம்பதியர் ஆகவில்லை என்று கேட்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் திருமணம் ஏன் தள்ளிப்போகிறது?

முதலில் வேலை. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் சொத்து விலைகள் சரிந்து பொருளாதாரம் தேங்கியபோது, படிப்பை முடித்து வெளியே வந்த ஒரு தலைமுறைக்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆண் மணம் செய்துகொள்ளும் வாய்ப்பு, நிரந்தர வேலையில் இருப்பவரைவிட மிகக் குறைவு. குடும்பத்தை ஆண்தான் தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இன்னும் வலுவாக இருப்பதே இதற்குக் காரணம்.

அடுத்தது வீடும் கல்வியும். தென் கொரியாவில் நல்ல வேலைகளும் நல்ல பல்கலைக்கழகங்களும் சியோலையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்ந்தவையாக இருப்பதால், நாட்டு மக்களில் பாதிப் பேர் அங்கே குவிந்திருக்கிறார்கள். வீட்டு விலை இளம் தம்பதியருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் செல்லும் தனிப்பயிற்சி நிலையங்களுக்கு மட்டும் 2023இல் கொரியக் குடும்பங்கள் 27 லட்சம் கோடி வோன் செலவிட்டன. ஐந்தில் நான்கு பங்கு மாணவர்கள் இத்தகைய வகுப்புகளுக்குச் செல்லும் சமூகத்தில், தன் குழந்தையை மட்டும் அனுப்பாமல் இருக்கும் துணிவு பெற்றோருக்கு வருவது கடினம். விரும்பிய எண்ணிக்கையில் குழந்தைகள் பெறாததற்குக் காரணம் கேட்டபோது, ஜப்பானியத் தம்பதியரில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னதும் வளர்ப்புச் செலவையும் படிப்புச் செலவையும்தான்.

மூன்றாவதைப் பற்றிக் கூட்டங்களில் மெதுவாகத்தான் பேசுகிறார்கள், எனினும் என் பார்வையில் அதுவே மிக முக்கியமானது. ஜப்பானில் பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரம் ஆண்கள் செலவிடுவதைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். தென் கொரியாவில் ஆண், பெண் ஊதியத்துக்கு இடையே ஏறக்குறைய 30 விழுக்காடு இடைவெளி இருக்கிறது. வளர்ந்த நாடுகளில் இதுவே மிகப் பெரியது. நள்ளிரவுவரை அலுவலகத்தில் இருப்பது விசுவாசம் என்று கருதும் பணிச் சூழலில், குழந்தை பிறந்ததும் வேலையை விடுபவள் தாயாகவே இருக்கிறாள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது பழைய பதவியும் ஊதியமும் அவளுக்குக் கிடைப்பதில்லை. இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்த ஒரு பெண் திருமணத்தைத் தள்ளிப்போடுவதைத் தன்னலம் என்று சொல்வது பெரும் அநீதி.

பெண்கள் படித்து வேலைக்குப் போனதுதான் காரணம் என்கிறார்களே?

படிப்பும் வேலையும் முதல் குழந்தையைத் தாமதப்படுத்துகின்றன என்பது எல்லா நாடுகளிலும் காணப்படுகிறது. ஆனால் அதையே சரிவின் முழுக் காரணமாக்கும் வாதத்தை நாடுகளுக்கிடையேயான ஒப்பீடு தாங்கவில்லை. 1970களில், பெண்கள் அதிகம் வேலைக்குச் சென்ற வளர்ந்த நாடுகளில் கருவள விகிதம் குறைவாக இருந்தது உண்மை. 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தொடர்பு தலைகீழானது: பெண்கள் பெருமளவில் வேலை பார்த்த ஸ்வீடனிலும் பிரான்சிலும் குழந்தைகள் அதிகமாகவும், பெண்கள் வீட்டில் இருந்த இத்தாலியிலும் ஸ்பெயினிலும் குறைவாகவும் பிறந்தன. வேலையையும் குழந்தையையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடிந்த இடத்தில் பெண்கள் இரண்டையும் தேர்ந்தார்கள். முடியாத இடத்தில் ஒன்றைக் கைவிட்டார்கள். 2010க்குப் பிறகு வட ஐரோப்பாவிலும் சரிவு தொடங்கியதால் இந்தத் தொடர்பு மறுபடியும் தளர்ந்திருக்கிறது.

தாமதமாகப் பெறுவதும் குறைவாகப் பெறுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. ஜப்பானில் முதல் குழந்தை பெறும்போது தாயின் சராசரி வயது 1975இல் 25.7; 2023இல் 31. தென் கொரியாவில் அது 33ஐத் தொட்டுவிட்டது. இப்படி ஒரு தலைமுறையே குழந்தைப்பேற்றைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும்போது, இறுதியில் எல்லாரும் இரண்டு குழந்தைகள் பெற்றாலும்கூட, இடைப்பட்ட ஆண்டுகளின் கருவள விகிதம் தாழ்ந்தே தெரியும். ஜான் போங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1998இல் இந்தச் சிதைவைத் திருத்திக் கணக்கிடும் முறையொன்றை முன்வைத்தார்கள்.

செக் குடியரசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கம்யூனிச ஆட்சியில் இருபது வயதை ஒட்டியே தாயான பெண்களின் மகள்கள், ஆட்சி மாறிய பிறகு படிப்பையும் வேலையையும் முன்வைத்துக் காத்திருந்தார்கள். 1999இல் கருவள விகிதம் 1.13 ஆனது. காத்திருந்தவர்கள் முப்பதுகளில் பெறத் தொடங்கியபோது, 2021இல் அது 1.83க்கு ஏறியது. அதற்குப் பின் மீண்டும் வேகமாக இறங்கி 2024இல் 1.37 ஆகிவிட்டது.

ஸ்வீடனில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. முதல் குழந்தைக்குப் பின் குறிப்பிட்ட மாதங்களுக்குள் அடுத்த குழந்தையைப் பெற்றால், இடையில் முழு நேர வேலைக்குத் திரும்பாவிட்டாலும் பழைய ஊதியத்தின் அடிப்படையிலேயே விடுப்பு உதவித்தொகை கிடைக்கும் என்ற விதி 1980களில் தளர்த்தப்பட்டதால், தம்பதியர் இரண்டாவது குழந்தையை முன்கூட்டியே பெற்றார்கள். 1990இல் 2.1ஐத் தாண்டிய அளவு, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1999இல் 1.5க்கு வந்தது. மொத்தத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களின் வாழ்நாள் குழந்தை எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டாகவே நிலைத்திருந்தது.

ஆனால் எல்லாத் தாமதமும் ஈடாவதில்லை. 1970களில் பிறந்த ஜப்பானியப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குழந்தை இல்லை.

செயற்கைக் கருத்தரிப்பு இந்த இழப்பை ஈடுகட்டாதா?

ஓரளவுக்கு மட்டுமே. ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் இதற்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அங்கே பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இம்முறையில் பிறக்கிறது. ஆயினும் முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கருமுட்டையின் தரம் குறைவதால், தன் சொந்தக் கருமுட்டையைக் கொண்டு நாற்பதுக்கு மேல் வெற்றி பெறும் வாய்ப்பு மிகச் சிறியது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் மருத்துவமனை விளம்பரங்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை.

அரசு பணம் கொடுத்தால் பிறப்புகள் கூடுமா?

சற்றுக் கூடலாம், பெரும்பாலும் அந்தக் கூடுதல் நிலைப்பதில்லை. தென் கொரியா 2006 முதல் 2021 வரை இதற்கென ஒதுக்கிய தொகை 280 லட்சம் கோடி வோன் என்று கூறப்படுகிறது. அந்தக் காலத்தில் கருவள விகிதம் 1.1ஐ ஒட்டிய அளவிலிருந்து 0.8க்கு வந்தது. ஹங்கேரியில் இளம் தம்பதியருக்குக் குழந்தை பிறந்தால் தள்ளுபடியாகும் கடனும், நான்கு குழந்தைகள் பெற்ற தாய்க்கு வாழ்நாள் வருமான வரி விலக்கும் தரப்பட்டன. 2011இல் 1.23 ஆக இருந்த அளவு 2021இல் 1.6ஐ ஒட்டி ஏறி, 2024இல் 1.4க்கும் கீழே இறங்கிவிட்டது.

பணத்தைவிட, நம்பி இருக்கத்தக்க ஏற்பாடுகள் கூடுதல் பயன் தருகின்றன என்பதற்கு ஜெர்மனி ஒரு சான்று. முந்தைய ஊதியத்தின் அடிப்படையிலான பெற்றோர் உதவித்தொகையை 2007இலும், ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் பெறும் சட்ட உரிமையை 2013இலும் அந்நாடு கொண்டுவந்தது, 2006இல் 1.33 ஆக இருந்த அளவு 2016இல் 1.6ஐ நெருங்கியது. 2023இல் அதுவும் 1.35க்குத் திரும்பிவிட்டது. நீண்ட விடுப்பு, மலிவான காப்பகம், தந்தையின் பங்கேற்பு என்று எல்லாம் இருக்கும் பின்லாந்தில்கூட 2010இல் 1.87 ஆக இருந்த விகிதம் இப்போது இத்தாலியை ஒட்டி வந்திருக்கிறது. அங்கே குறைந்திருப்பது பெரும்பாலும் முதல் குழந்தைதான். குடும்பக் கொள்கை தோற்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். பிள்ளைகளின் நலனுக்கும் தாய்மார்களின் வேலைக்கும் அவை தந்த பயன் பிறப்பு எண்ணிக்கையில் தெரியாவிட்டாலும் உண்மையானது.

சட்டத்தால் கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்?

ருமேனியாவில் அது நடந்தது. அந்நாட்டுக் கம்யூனிசத் தலைவர் சௌஷெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. மறு ஆண்டே கருவள விகிதம் 1.9இலிருந்து 3.7க்குத் தாவியது, பிறகு மக்கள் மறைவான வழிகளைத் தேடியதால் படிப்படியாக இறங்கியது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள். பெற்றோரால் வளர்க்க முடியாத குழந்தைகள் நிறைந்த காப்பகங்களின் அவலத்தை 1989இல் ஆட்சி வீழ்ந்தபோது உலகம் கண்டது. அந்த டிசம்பரில் தடை நீக்கப்பட்டதும் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

குறைவாகப் பெறுங்கள் என்று ஒரு காலத்தில் சொன்ன அரசுகளே பிறகு கூடுதலாகப் பெறச் சொன்ன கதையும் உண்டு. நம் ஊர்ச் சுவர்களில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று எழுதியிருந்த அதே காலத்தில், ஆணோ பெண்ணோ இரண்டு பெற்று நன்றாக வளருங்கள் என்று கொரிய அரசு பரப்புரை செய்தது. 1980களில் இரண்டே அதிகம் என்றது. சிங்கப்பூர் 1972இல் இரண்டோடு நிறுத்தச் சொல்லி, 1987இல் வசதி இருந்தால் மூன்று பெறச் சொன்னது. முதல் அழைப்பு பலித்தது, இரண்டாவது பலிக்கவில்லை.

எல்லாக் குறைவும் கெட்ட செய்திதானா?

அல்ல. அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் 62 பிறப்புகள் நிகழ்ந்தன, 2023இல் 13. அந்நாட்டின் மொத்தச் சரிவில் கணிசமான பங்கு, பள்ளி வயதில் தாயாக விரும்பாத பெண்கள் தாயாகாமல் இருக்க முடிந்ததால் வந்தது. இதைத் துயரமாகக் காட்டும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டினர் குடியேறினால் சரியாகிவிடுமா?

எண்ணிக்கை தாங்கும், வயதுக் கட்டமைப்பு முழுவதுமாக மாறாது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறப்பை இறப்பு மிஞ்சிய ஜெர்மனியின் மக்கள்தொகை குறையாமல் நிற்பது குடியேறியவர்களால்தான். குடியேறியவர்களின் மகள்களும் புதிய நாட்டின் வழக்கத்தை ஒட்டியே குழந்தை பெறுகிறார்கள்.

தென் கொரியாவில் 2024இல் பிறப்புகள் கூடியது திருப்புமுனையா?

கருவள விகிதம் 0.72இலிருந்து 0.75 ஆனது; ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் ஏற்றம். திருமணங்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடின. பெருந்தொற்றால் தள்ளிப்போன திருமணங்கள் நடந்தேறியதும், 1990களின் முதற்பாதியில் பிறந்த சற்றே பெரிய தலைமுறை முப்பதை எட்டியதும் இதற்குக் காரணங்கள். அதற்குப் பின் பிறந்த தலைமுறைகள் சிறியவை என்பதால், விகிதம் சற்று ஏறினாலும் பிறப்புகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏற முடியாது.

தமிழ்நாடும் இதே பாதையில் செல்கிறதா?

எண் ஒத்திருக்கிறது, பாதை வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் கருவள விகிதத்தை 1.8 என்றது, தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்புகளைப் பதிந்து மதிப்பிடும் அரசின் மாதிரிப் பதிவு முறை 2020ஆம் ஆண்டுக்கு அதை 1.4 என்றது. எதை எடுத்துக்கொண்டாலும் ஈடுசெய் நிலைக்குக் கீழேதான். ஆனால் இங்கே ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் திருமணம் நடக்கிறது. இருபதுகளிலேயே ஓரிரு குழந்தைகள் பிறக்கின்றன. பிறகு அறுவை சிகிச்சையோடு குழந்தைப்பேறு முடிந்துவிடுகிறது. மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். டோக்கியோவிலும் சியோலிலும் திருமணமும் முதல் குழந்தையும் தள்ளிப்போவதால் வந்த சரிவு, இங்கே சீக்கிரமாகத் தொடங்கிச் சீக்கிரமாகவே நிறுத்திக்கொள்வதால் வந்திருக்கிறது. அதனால் காத்திருந்தவர்கள் பிறகு பெற்று ஈடுசெய்யும் செக் நாட்டு வகை மீட்சிக்கு இங்கே இடம் குறைவு. திருமண வயதும் இனி வேகமாக உயருமானால், இதுவரை அதிகம் பங்கு வகிக்காத அந்த இரண்டாவது காரணமும் தமிழ்நாட்டின் கணக்கில் சேரும்.